மோகனூர் வீட்டு மேற்குச் சுவர்

மோகனூர் சம்பந்தி திரு. நவநீதகிருஷ்ணன் அவர்களுக்கு, திருச்செங்கோட்டிலிருந்து சின்னண்ணன் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்ளும் கடிதம். இவ்விடம் நானும் பாப்பாயியும் நலம். திருச்செந்தூரில் தங்களுக்கும் சம்பந்தியம்மாளுக்கும் முருகன் தரிசனம் குறைவில்லாமல் கிடைத்திருக்கும். இக்கடிதத்தை வாசலிலேயே தங்களிடம் கொடுக்கும்படி மதுமதியிடம் சொல்லியிருக்கிறேன். படித்து முடித்த பிறகு வீட்டுக்குள் போகவும். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் தாங்கள் பாதியிலேயே குறுக்கே பேசுவீர்கள்.

விஷயம் இதுதான். என் மகள், தங்கள் மருமகள் மதுமதி ஒரு மாதப் பத்திரிகையில் கவிதை எழுதியிருக்கிறாள். அது போன திங்கட்கிழமை தபாலில் வந்தது. நாற்பது வருஷம் ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போர் கிணறு போட்டு அலைந்த நான் படித்ததெல்லாம் இத்தனை அடி மண், இத்தனை அடி பாறை என்று எழுதிய நோட்டுதான். சாயங்காலம் கண்ணாடியைத் தேடி எடுத்து, "அஞ்சு மணிக்கே அடுப்படில என்னத்துக்கு லைட்டு? கரண்டு சும்மாவா வருது?" என்று பாப்பாயியிடம் வழக்கம்போல ஒரு சத்தம் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். கவிதை நாலே வரி.

மேற்கே ஜன்னல் இல்லாத வீட்டில்
எனக்கு மட்டும்
தினமும் ஒரு மணி நேரம் முன்பே
இருட்டிவிடுகிறது.

எனக்குப் பகீரென்றது. எங்கள் தொழிலில் எழுதியது எழுதியதுதான். எண்பதடியில் பாறை என்றால் எண்பதடியில் பாறை. மகள் தங்கள் வீட்டில் வெளிச்சமில்லாமல் கிடக்கிறாள், வாய்விட்டுச் சொல்ல முடியாமல் பத்திரிகையில் போட்டிருக்கிறாள் என்று நினைத்து, மறுநாள் காலையிலேயே கொத்தனார் மணியனையும் டிரில்லிங் மிஷினையும் ஏற்றிக்கொண்டு மோகனூர் வந்துவிட்டேன். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போயிருந்தார்கள். பக்கத்து வீட்டில் சாவி வாங்கித் திறந்து பார்த்தால், மகள் அறையில் மேற்கே ஜன்னல் இல்லை! கவிதை நூற்றுக்கு நூறு உண்மை. அதற்கப்புறம் பெற்றவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பானா? மூன்றுக்கு நான்கு என்று அளவு போட்டு உடைத்தோம். கடைசிக் கல்லை எடுத்ததும் தங்கள் எருமை உள்ளே எட்டிப் பார்த்தது. மேற்கே மாட்டுக்கொட்டகை இருப்பதைக் கவிதையில் எழுதவில்லை.

சாயங்காலம் வந்த மதுமதி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "அப்பா, அது கவிதைங்கப்பா! அதுல வர்ற 'நான்' நானில்லீங்க. எனக்கு இந்த ஊட்டுல ஒரு கொறையும் இல்லீங்க" என்றாள்.

"நீ எழுதுனா அது நீதானே சாமி?"

"எழுதுனது நானுங்க. இருட்டுறது வேற ஆருக்கோ."

"அந்த ஆளு ஆருன்னு எப்பிடிக் கண்டுபுடிக்கறது?"

"அவசரப்படாம, சத்தம்போட்டு, நாலு தரம் படிச்சுப் பாருங்கப்பா."

மாப்பிள்ளை தங்கமான மனிதர். வந்ததும் முதல் வேலையாக எருமையைத் தள்ளிக் கட்டினார்.

திரும்பி வரும் வழியெல்லாம் படித்தேன். "எனக்கு மட்டும்" என்று இரண்டே வார்த்தைக்கு ஒரு முழு வரியைக் கொடுத்துக் காகிதத்தை வீணாக்கியிருக்கிறார்களே என்றுதான் முதலில் தோன்றியது. மூன்றாம் தரம் படிக்கும்போது அந்த இடத்தில் குரல் தானாக நின்றது. போர் போடும்போது தண்ணீருக்குக் கொஞ்சம் முன்னால் சத்தம் மாறும், அந்த மாதிரி. மணியன்கூட வாயில் போட்ட பாக்கை மெல்லாமல் கேட்டான். அன்றிலிருந்து, சம்பந்தி, அந்த ஆள் யார் என்ற யோசனையாகவே இருக்கிறேன். தாங்கள் நாலு புத்தகம் படித்தவர், தெரிந்தால் சொல்லவும்.

சுவருக்காக மனதார மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை மணியன் செங்கல் சிமெண்டோடு வந்து அடைத்து, சுண்ணாம்பும் அடித்துக் கொடுப்பான். இது சத்தியம். தங்கள் குடும்பம் ஆல்போல் தழைக்க அர்த்தநாரீஸ்வரரை வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்புள்ள சம்பந்தி,
சின்னண்ணன்

பி.கு.: உறையில் போடும் முன் அந்த நாலு வரியைப் பாப்பாயிக்குப் படித்துக் காட்டி, "அந்த ஆளு ஆரா இருக்கும்?" என்று கேட்டேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஏனுங்க, முப்பத்தினாலு வருசமா அஞ்சு மணிக்கு லைட்டுப் போட்டுட்டு உங்ககிட்ட வசவு வாங்கிட்டிருக்கறது ஆருங்க?" என்றாள். அடுப்படிக்குப் போய்ப் பார்த்தேன். மேற்கே வெறும் சுவர். எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆகவே வெள்ளிக்கிழமை மணியன் அங்கே வரமாட்டான்; இங்கே வேலை முடிந்த பிறகுதான் வருவான். அதுவரைக்கும் எருமையைத் தள்ளியே கட்டிக்கொள்ளவும்.