முடிவை முதலில் எழுதுகிறவர்

சரிக்கட்டுகிறவர் என்று ஓர் இனம் உண்டு. தேடிக்கொண்டு போக வேண்டாம். எந்தத் தெருவிலும் நாலு வீட்டுக்கு ஒருவர் இருப்பார். அவரைப் பொய்யர் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பொய்யருக்கு உண்மை தெரியும், அதை மறைப்பார். இவருக்கோ முடிவு தெரியும்; உண்மை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் அதை வெட்டி, நீட்டி, தட்டி, முடிவுக்குள் உட்காரவைத்துவிடுவார். மருந்துக்கடை வாசலில் உள்ள எடை மிஷின் எழுபத்தெட்டு என்று காட்டினால் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவார்; எழுபத்தேழரை என்றால் செல்போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு ஏறுவார்; அதுவும் சரிப்படாவிட்டால் மிஷினை ஒரு சாண் தள்ளிப் போட்டு ஏறுவார்; எழுபத்தைந்து வந்ததும் இறங்கி, "இப்பதான் சரியா காட்டுது" என்பார். அதற்கு முன் காட்டியதெல்லாம்? மிஷின் கோளாறு.

இந்த இனத்தின் முழு அழகையும் காண வேண்டுமானால், இவர் கையில் ஒரு விஞ்ஞான சோதனையைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

காட்டேரிக்குப்பத்துப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் நாலாம் வகுப்புக்கு ஆசிரியர் மணவாளன். இருபத்தேழு வருடமும் நான்கு மாதமும் சர்வீஸ். நல்ல மனிதர். தாமதமாக வந்ததில்லை, பிள்ளைகளை அடித்ததில்லை. 'பிள்ளைகள் கையால் செய்து கற்க வேண்டும்' என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்ததும், மற்றவர்கள் அதை ஃபைலில் கோத்துவிட்டு டீ குடிக்கப் போனபோது, இவர் ஒருவர்தான் மூன்று நாள் பயிற்சிக்குப் போய், குறிப்பெடுத்து, மறுநாளே தொடங்கினார். அவர் வகுப்பில் சோதனைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் 'முடிவு' என்று தலைப்புப் போட்டு பிள்ளைகள் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு 'செய்முறை'. எல்லாரும் எழுதி, அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சோதனை.

"அப்பதான் பசங்க குழம்ப மாட்டாங்க" என்பார்.

ஜூலை மாதம் மிதப்பதும் மூழ்குவதும் செய்தார்கள். இரும்பு மூழ்கும் என்று இருபத்துமூன்று பேரும் எழுதியாயிற்று. ஆணி மூழ்கியது. சாவி மூழ்கியது. ராமு என்ற பையன் சும்மா இருக்காமல் ஒரு தகர மூடியைத் தண்ணீரில் வைத்தான். மூடி படகு போல நின்றது. வகுப்பு முழுக்க "ஏ, மெதக்குதுடா!" என்று கத்தியது. மணவாளன் நிதானமாக நடந்து வந்தார். ஆள்காட்டி விரலை மூடியின் மேல் வைத்தார். அமுக்கினார்.

"இப்ப இன்னா ஆச்சி?"

"மூழ்கிடுச்சி சார்."

"எழுதிக்கோ."

ஆகஸ்டில் காந்தம். எவர்சில்வர் டம்ளர் ஒட்டவில்லை. காந்தத்துக்கு வயசாகிவிட்டது என்று அதை ஓய்வில் அனுப்பினார்.

இப்படிச் சிறு சிறு சரிக்கட்டலாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் விதை முளைக்கும் சோதனை வந்தது. இதில் விஷயம் சற்றுப் பெரிது. வில்லியனூரில் நடக்கும் விஞ்ஞானக் கண்காட்சிக்குப் பள்ளிகளைத் தேர்ந்தெடுக்க ஜோஸ்பின் மேடம் என்ற பார்வையாளர் வரப்போகிறார். மணவாளனின் பள்ளி இதுவரை எதற்கும் தேர்வானதில்லை. அவர் வருகிற மே மாதம் ஓய்வு பெறுகிறார். ஒரே ஒரு தடவை தம் பிள்ளைகள் அந்தப் பந்தலில் நிற்பதைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. இதை யாரும் குறை சொல்ல முடியாது.

எனவே முன்னேற்பாடாக, விதை போடுவதற்கு ஒரு வாரம் முன்பே, மூலக்குளம் போய் ஆறடிக்கு நாலடி ப்ளெக்ஸ் அடித்து வந்தார். முதல் கப்: தண்ணீர் உண்டு, வெளிச்சம் உண்டு, முளைத்தது. இரண்டாம் கப்: வெளிச்சம் உண்டு, தண்ணீர் இல்லை, முளைக்கவில்லை. மூன்றாம் கப்: தண்ணீர் உண்டு, வெளிச்சம் இல்லை, முளைக்கவில்லை. கீழே கொட்டை எழுத்தில், 'வெளிச்சம் இல்லாமல் விதை முளைக்காது.' ஓரத்தில் பூப்போட்ட பார்டர்.

திங்கட்கிழமை மூன்று பேப்பர் கப்பில் மண் நிரப்பிக் காராமணி ஊன்றினார்கள். மூன்றாவது கப் பீரோவுக்குள் போனது. தினமும் மூன்றரை மணிக்குத் தண்ணீர் ஊற்றிக் குறிப்பெழுதும் வேலை அர்ஷியாவுக்கு. மளிகைக்கடை பக்கீர் முகமதுவின் மகள். குண்டு குண்டாகத் தெளிவான கையெழுத்து, கணீர்க் குரல். ஜோஸ்பின் மேடத்துக்கு விளக்கிச் சொல்லப்போவதும் அவள்தான். கண்காட்சிக்குத் தேர்வானால் வில்லியனூர் மாமி வூட்டிலிருந்து எல்லாரும் வந்து பார்ப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

மணவாளன் பீரோவைத் திறந்து பார்க்கவே இல்லை. தெரிந்த முடிவை எதற்குத் திறந்து பார்ப்பது? ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, மறுநாள் மேடம் வருகிறார் என்று மேசையைத் தயார் செய்யும்போதுதான் திறந்தார்.

உள்ளே, வருகைப் பதிவேடுகளுக்குப் பக்கத்தில், வெளுத்துப்போன நீளமான ஒரு தண்டு வளைந்து நின்று அவரை எட்டிப் பார்த்தது. ஜன்னலோரத்தில் வெயிலில் இருந்த செடியைவிட உயரம்.

"யார்டி இதுக்குத் தண்ணி ஊத்துனது?"

"நீங்கதான் சார் ஊத்தச் சொன்னீங்க" என்றாள் அர்ஷியா.

மணவாளன் யோசித்தார். அவருக்குக் காரணம் கிடைக்க வெகுநேரம் ஆவதில்லை. "தினம் பீரோவத் தொறந்தே இல்ல? எவ்ளோ நேரம் தொறந்து வெச்சிருந்தே?"

"அரை நிமிஷம் இருக்கும் சார்."

"அதான்! வெளிச்சம் உள்ள பூந்துடுச்சி."

அர்ஷியா எதிர்த்துப் பேசுகிற பிள்ளை இல்லை. உண்மையாகவே சந்தேகம் வந்து கேட்டாள்: "அரை நிமிஷ வெளிச்சத்துக்கே இது இம்மாம் ஒசரம் வளந்துதுன்னா, நாளெல்லாம் வெயில்ல இருந்தது கூரைய முட்டிருக்கணுமே சார்?"

மணவாளன் அவளுடைய நோட்டை வாங்கிப் பார்த்தார். 'மூன்றாம் நாள்: மூன்றாம் கப்பில் மண் விரிசல் விட்டிருக்கிறது. நான்காம் நாள்: ஒன்றரை செ.மீ. ஐந்தாம் நாள்: நாலு செ.மீ. ஆறு, ஏழு: சனி, ஞாயிறு, பள்ளிக்கூடம் இல்லை, பார்க்கவில்லை. எட்டாம் நாள்: பதினாறு செ.மீ. ஒன்பதாம் நாள்: பத்தொன்பது செ.மீ. நிறம் வெள்ளை. நிற்க மாட்டேன் என்கிறது.' பக்கத்திலேயே முதல் கப்பின் கணக்கு: பதினொரு செ.மீ.

"இந்தக் கப்பக் கொண்டுபோய்க் கொட்டிடு. நோட்டுல மூணாங் கப்புக்கு முளைக்கலன்னு மாத்தி எழுதிக்கினு வா."

"ஒம்போது நாளும் மாத்தணுமா சார், இன்னிக்கி மட்டுமா?"

"எல்லாம்."

"சனி ஞாயிறு நான் பாக்கவே இல்லியே சார். அதுக்கும் முளைக்கலன்னு போடணுமா?"

மணவாளனுக்குக் கோபம் வருவது அபூர்வம். அன்று வந்தது. ஒரு புது நோட்டை எடுத்து ராமுவிடம் கொடுத்து, தாமே சொல்லச் சொல்ல எழுதவைத்தார். நாளைக்கு மேடத்திடம் பேசப்போவது ராமு. அர்ஷியா கடைசி வரிசையில் உட்கார வேண்டியது. அவள் கப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

மாலையில் வீட்டுக்கு வந்த மணவாளன், முகம்கூடக் கழுவாமல் நேரே மாட்டுக் கொட்டகைக்குப் போனார். நாற்றங்காலுக்கு வேண்டிய விதைநெல்லை ஊறவைத்து, சாக்கில் கட்டி, இருட்டு மூலையில் வைக்கோல் போட்டு மூடி, மேலே கல் ஏற்றியிருந்தார். வைக்கோலுக்குள் கையை விட்டுச் சாக்கைப் பிரித்து ஒரு பிடி அள்ளினார். வெள்ளை வெள்ளையாய் முளை. முகம் மலர்ந்துவிட்டது.

"பழுதில்லாம வந்துக்குது. நாளன்னிக்கு வெதச்சிடலாம்" என்றவர், கையில் நெல்லோடு மனைவி உஷாராணியிடம் பள்ளிக்கூடத்துக் கதையைச் சொல்லிக் குமுறினார்.

உஷாராணி ஒரு கணம் அவரையும் சாக்கையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னாங்க, இதுக்கு நீங்க லைட்டா போட்டு வெச்சிருக்கீங்க? வருஷா வருஷம் இருட்டுலதான மூடிவெக்கிறீங்க?"

"அது நெல்லு. இது சயின்ஸ்" என்றார் மணவாளன்.

அந்த அம்மாள் அதோடு விட்டுவிட்டு உலை வைக்கப் போனார். முப்பது வருடம் குடித்தனம் செய்த அனுபவம். ஆனால் மணவாளன் அடுப்படிக்கு வந்து, கையளவு காராமணி எடுத்து, வாணலியில் போட்டுப் பொன்னிறமாக வறுக்கத் தொடங்கியபோது மட்டும், "திங்கறதுக்கா?" என்றார்.

"வெதைக்கிறதுக்கு."

மறுநாள் எட்டு மணிக்கெல்லாம், புது மண்ணும் வறுத்த காராமணியுமாக, முளைப்பதற்கு வழியே இல்லாத ஒரு மூன்றாம் கப் பீரோவில் ஏறியது. பாருங்கள், விஞ்ஞானத்தின் மேல் இவருக்குள்ள பக்தியை! சோம்பேறியாக இருந்தால் வெறும் மண்ணை வைத்திருப்பார். இவர் விதையும் வைத்தார்.

பத்தரைக்கு ஜோஸ்பின் மேடம் வந்தார். ப்ளெக்ஸைப் படித்தார். புருவம் லேசாக ஏறியது. ராமு கையைக் கட்டிக்கொண்டு, மூச்சு விடாமல் மனப்பாடம் ஒப்பித்தான். முடிக்கும்போது அவன் தாடை அசைந்துகொண்டிருந்தது.

"வாயில இன்னாடா?"

"காராமணி மேடம்."

"ஏது?"

"மூணாங் கப்புல மேலாக்கத் தெரிஞ்சுது மேடம். ரெண்டுதான் எடுத்தேன். சூப்பரா வறுத்துக்கீது."

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பதா கூடாதா என்று தெரியாமல் எல்லாரும் சாரைப் பார்த்தார்கள். நீங்களும் நானுமாக இருந்தால் பூமி பிளக்காதா என்று நின்றிருப்போம். மணவாளனோ சரிக்கட்டுகிறவர். ஒரு நொடிதான்.

"அதுவும் ஒரு சோதனை மேடம். வறுத்தா முளைக்குமான்னு பாக்கறோம்."

"நல்ல சோதனை" என்றார் ஜோஸ்பின் மேடம், முகத்தில் எதையும் காட்டாமல். "அப்ப வறுக்காத மூணாங் கப்பு எங்க சார்?"

இதற்கு மட்டும், இருபத்தேழு வருடத்தில் முதல் தடவையாக, ஒட்டவைக்கப் பசை கிடைக்காமல் மணவாளன் நின்றார். கடைசி வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"கொழாய்க்குப் பின்னாடி இருக்குது மேடம். சார் கொட்டச் சொன்னாரு. நான் பக்கெட்டக் கவுத்து மூடி வெச்சிருக்கேன்."

"ஏன் மூடினே?"

"வெளிச்சம் பட்டா சோதனை கெட்டுடும்ல மேடம்."

அர்ஷியா கப்பையும் தன் பழைய நோட்டையும் கொண்டுவந்தாள். மேடம் அளந்தார்: இருபத்தொன்று. நோட்டை முதலிலிருந்து படித்தார். 'பார்க்கவில்லை' என்ற இடத்தில் விரலை வைத்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"வெயில்ல இருக்கறதவிட இது ஏம்மா ஒசரமா போவுது?"

"தெரியல மேடம்."

மணவாளன் கண்ணை மூடிக்கொண்டார். அவர் வகுப்பில், அதுவும் பார்வையாளர் முன்னால், ஒரு பிள்ளை 'தெரியல' என்று சொல்வதா?

"வெளிச்சத்தத் தேடிக்கினு போவுதோ இன்னாவோ. தெரியல. இனிமே வெளில வெச்சா பச்சையாவுதான்னு பாக்கணும்" என்றாள் அர்ஷியா.

மேடம் கையிலிருந்த படிவத்தில் எழுதினார். "இந்தக் கப்பு, இந்த நோட்டு, இந்தப் பொண்ணு. மூணும் வில்லியனூருக்கு வரணும் சார். ப்ளெக்ஸ மட்டும் மாத்திடுங்க."

ஆக, பள்ளி தேர்வாகிவிட்டது. மணவாளனின் ஆசை நிறைவேறிவிட்டது. இனியாவது மனிதர் திருந்தியிருப்பார் என்றுதானே எதிர்பார்க்கிறீர்கள்? மேடத்தின் கார் கேட்டைத் தாண்டவில்லை. மணவாளன் கரும்பலகை முன் நின்று, இரண்டு கையையும் விரித்துச் சொன்னார்:

"பாத்தீங்களா? இருட்டுலயும் வெத முளைக்கும்னு நான் அப்பவே சொன்னேன்ல?"

பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். அந்த நேரத்தில் அவர் அதை மனதார நம்பினார். ப்ளெக்ஸைத் திருத்துவதற்கு முன்பே தம் ஞாபகத்தைத் திருத்தி முடித்துவிட்டார். அர்ஷியா நோட்டைத் திறந்து எழுதினாள்: 'பத்தாம் நாள்: இருபத்தொன்று செ.மீ. சார் அப்பவே சொன்னாராம்.'

வில்லியனூரில் அவள் நன்றாகவே பேசினாள். மாமி வூட்டுக்காரர்கள் பதினோரு பேர் வந்திருந்தார்கள். மணவாளன் பந்தல் ஓரத்தில் நின்று, வந்தவர் போனவரிடமெல்லாம் "நம்ம பொண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டார். பஸ்ஸில் திரும்பும்போது அவள் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்து, குரலைத் தணித்துக் கேட்டார்:

"அடுத்த மாசம் உப்பு, சர்க்கரை கரையற சோதனை. இன்னா வரும்னு இப்பவே சொல்லிடும்மா. ப்ளெக்ஸுக்குக் குடுத்துடறேன்."

"செஞ்சு பாத்துட்டுச் சொல்றேன் சார்."

"இப்படிச் சொன்னா எப்படி முன்னேற்பாடு பண்றது?" என்று அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

இவ்வளவும் படித்த உங்களுக்கு யார் யார் முகமோ ஞாபகம் வந்திருக்கும். மச்சான், மேலதிகாரி, எதிர்வீட்டுக்காரர். 'அப்படியே அவரேதான்' என்று பக்கத்தில் இருப்பவரிடம் காட்டியும் இருப்பீர்கள். நல்லது. ஒரே ஒரு கேள்வி, கோபித்துக்கொள்ளக் கூடாது. இந்த ஆள் நாமில்லை என்று முடிவு செய்தீர்களே, அது படித்து முடித்த பிறகு செய்ததா, இல்லை முதல் வரியிலேயே எழுதி வைத்துக்கொண்டதா?