பச்சையம்மன் இளைத்த கதை

திருத்தணி மலையடிவாரத்துச் சந்து ஒன்றில் இருக்கும் பச்சையம்மன் உடம்பு இளைத்துவிட்டாள். ஆடி பிறந்ததும் ஊரைக் கலக்கிய செய்தி இதுதான்.

கருவறையில் இருக்கும் கல் அம்மன் அப்படியேதான் இருந்தாள். இளைத்தவள் வீதியுலா வருகிற ஐம்பொன் அம்மன். முழங்கால் உயரம்தான் என்றாலும், இரண்டு ஆள் மூச்சைப் பிடித்துத் தூக்கினால்தான் பல்லக்கில் ஏறுவாள். ஆடி முதல் வெள்ளியன்று அதே இரண்டு ஆள் அதே மூச்சைப் பிடித்துத் தூக்கினார்கள். அம்மன் விசுக்கென்று அவர்கள் தலைக்கு மேலே போய்விட்டாள். தூக்கியவர்கள் இருவரும் பின்னால் சாய்ந்து மேளக்காரர் மேல் விழுந்தார்கள்.

கூட்டத்துக்கு வேறு யோசனை ஏதும் வருவதற்குள், ஊர் மடத்தில் தங்கியிருந்த லகிமா சித்தர் கையை உயர்த்திவிட்டார். தன் மௌன பூஜைக்கு அம்மன் இரங்கிவிட்டாள், உடம்பின் பாரத்தை இறக்கிவிட்டாள், இனி அவளைத் தூக்குகிறவர்களின் பாவமும் இப்படியே இறங்கும் என்றார். மேளக்காரர் கூட முதுகைத் தேய்த்துக்கொண்டே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அப்புறம் கேட்க வேண்டுமா? பொதட்டூர்பேட்டையில் தறியை நிறுத்திவிட்டு வந்தார்கள். பள்ளிப்பட்டிலிருந்து டிராக்டர் பிடித்து வந்தார்கள். நகரி, புத்தூரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தவர்களுக்காகத் தெலுங்கிலும் ஒரு பேனர் கட்டப்பட்டது. அம்மனை ஒரு தரம் தூக்கிப் பார்க்க ஒரு கட்டணம். குழந்தையைக் கொண்டு தூக்க வைத்தால் அதற்கு வேறு கட்டணம், ஏனென்றால் குழந்தையின் வருங்காலப் பாவமும் சேர்ந்து இறங்குகிறதாம். இன்னும் செய்யாத பாவத்துக்கு முன்பணம் கட்டிய ஊர் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

அற்புதத்தை அளந்து காட்ட ஒரு எடை மேடையும் வந்து சேர்ந்தது. காயலான் கடை ஷரீப்பிடம் வாடகைக்கு எடுத்தது. அதுவரை உடைந்த ஃபேனையும் துருப்பிடித்த சைக்கிளையும் நிறுத்துக்கொண்டிருந்த எடை மேடைக்கு விபூதிப் பட்டை அடித்து, சாமந்தி மாலை போட்டு, கோயில் வாசலில் வைத்தார்கள். அம்மனை ஏற்றினால் சிவப்பு எழுத்தில் ஏழு கிலோ என்று காட்டும். ஜனங்கள் அந்த ஏழைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

சித்தர் பங்குனியில் ஊருக்கு வந்தவர். உடம்பைப் பஞ்சு போல் லேசாக்கும் சித்திக்கு லகிமா என்று பெயராம். அது தமக்குக் கைகூடியிருப்பதாகச் சொன்னார். அவருடைய சொந்த உடம்பு மட்டும் அந்தச் சித்திக்குக் கட்டுப்படவில்லை. மடத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் இதற்குள் கால் ஒடிந்து கிடந்தன.

இத்தனை கொண்டாட்டத்திலும் முகம் கொடுக்காமல் இருந்த ஒரே ஆள் மனோரமா. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவள். போகிற அண்டாவையும் நிறுத்துத்தான் அனுப்புவாள், வருகிற அண்டாவையும் நிறுத்துத்தான் இறக்குவாள். கனமான அண்டாவை வாங்கிக்கொண்டு போய், அதே மாதிரி தகரத்தைத் திருப்பிக் கொடுக்கிற கல்யாண வீடுகளை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். அவளுக்குக் கடவுள் மேல் நம்பிக்கை உண்டு. மனிதர்கள் மேல்தான் கிடையாது.

வரிசையில் நின்று அவளும் ஒரு தரம் அம்மனைத் தூக்கிப் பார்த்தாள். தூக்கிய கைக்கு உடனே விஷயம் தெரிந்துவிட்டது. இறக்கி வைக்கும்போது முகத்தையும் பார்த்தாள். தலைமுறை தலைமுறையாகப் பாலும் தயிரும் ஊற்றித் தேய்த்ததில் பச்சையம்மனுக்கு மூக்கு மழுங்கியிருக்கும். இந்த அம்மனுக்கு மூக்கு கூர்மையாக இருந்தது. பக்கத்தில் இருந்த சீடனிடம் கேட்டாள். அம்மனுக்கு எடை மட்டுமா குறைந்தது, வயசும்தான் குறைந்திருக்கிறது என்றான் அவன். வயசு குறைந்ததைத் தரிசிக்க மறுநாளே தனி வரிசை போட்டார்கள்.

மனோரமாவுக்குப் பயம் வந்தது. காரணம் அம்மன் மட்டும் அல்ல. கோயில் தர்மகர்த்தா அவள் புருஷன் ஹேமநாதன். கோயில் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும். ஆடி பிறப்பதற்கு முன்னால் சித்தர் மௌன பூஜை செய்ய வேண்டும், கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும், எட்டிப் பார்த்தவனுக்குக் கண் போய்விடும் என்றபோது, அந்தச் சாவியை அவிழ்த்துத் தாம்பாளத்தில் வைத்து, வெற்றிலை பாக்கோடு நீட்டியவர் அவர்தான். நீட்டியதோடு நிற்காமல், யாரும் எட்டிப் பார்த்துவிடாதபடி வாசலில் கம்போடு காவலும் இருந்தார். திருடனுக்குத் தர்மகர்த்தாவே காவல் இருந்த பெருமை எந்த ஊருக்குக் கிடைக்கும்?

அன்று சாப்பிடும்போது ஹேமநாதனே பேச்சை ஆரம்பித்தார்.

"அம்மா இளைச்சதுக்கு நீ இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கி வச்சிகினு இருக்கற? ஊரே சந்தோசமாத்தான இருக்குது."

"ஊருக்கிட்ட சாவி இல்லிங்க. உங்ககிட்ட இருக்குது. நாளைக்கி சிலை எங்கன்னு கேட்டா ஊரைக் கேக்க மாட்டாங்க, உங்களைத்தான் கூட்டிகினு போவாங்க."

அவர் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார். சந்தேகப்படுகிறவர்களுக்குத்தான் அம்மன் கனப்பாள் என்று சித்தர் சொல்லியிருக்கிறாராம். அப்படியானால் எனக்கு ஏன் லேசாக இருந்தாள் என்று மனோரமா கேட்டாள். செருப்பு மாட்டும் சத்தம்தான் வந்தது.

அவள் போலீஸ் நிலையத்துக்குப் போனாள். சப்-இன்ஸ்பெக்டர் விஜயன் காது கொடுத்துக் கேட்டார், நல்ல மனிதர். பழைய சிலையின் போட்டோ இருக்கிறதா என்றார். இல்லை. உயரம், எடை எங்கேயாவது பதிந்திருக்கிறதா என்றார். அதுவும் இல்லை. சாமிச் சிலைகளைப் படம் எடுத்துப் பதிவு செய்ய அதிகாரிகள் வந்தபோது, படம் எடுத்தால் அம்மனுக்குக் கலை குறையும் என்று சொல்லித் திருப்பி அனுப்பியது ஊர். அரசின் சிலைப் பாதுகாப்பு மையத்தில் வையுங்கள் என்றதற்கும், அம்மன் என்ன லாக்கர் நகையா என்று கேட்டுவிட்டது. முன்னால் நின்று கேட்டவர் ஹேமநாதன். ஆக, காணாமல் போனது எது என்று காட்டவே வழியில்லை.

"மூக்கு மழுங்கியிருந்துச்சின்னு நீங்க சொல்றீங்க, நான் நம்பறேன். அத்த வச்சி அந்தாளு மடத்துக்குள்ள நுழைஞ்சா வெளிய உக்காந்துகினு இருக்கற ஜனம் என் மண்டைய ஒடைச்சிடும்மா" என்றார் விஜயன்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மடத்தைச் சுற்றி அல்லும் பகலும் பக்தர்கள் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். சித்தர் கொட்டாவி விட்டால்கூட அது எதன் அறிகுறி என்று ஆராய்ந்தார்கள். அற்புதம் செய்கிறவனுக்கு இது ஒரு தொல்லை. ஒரு பையைத் தூக்கிக்கொண்டு தெரு முனைக்குப் போக முடியாது. சிலை உள்ளே இருக்கிறது, சித்தரும் உள்ளே இருக்கிறார், பக்தி வெளியே காவல் இருக்கிறது. பாவம், அவர் விட்ட புளுகே அவரைப் பூட்டி வைத்துவிட்டது.

பூட்டுக்குச் சாவியாக ஆடிக்கிருத்திகை வந்தது. அன்றைக்குத் திருத்தணியில் தரை தெரியாது. லட்சக்கணக்கில் காவடி, எல்லாம் பூவும் பட்டும் சுற்றியவை. எந்தப் போலீசும் எந்தக் காவடியையும் பிரித்துப் பார்க்கப்போவதில்லை. சித்தர் தாமும் ஒரு புஷ்பக் காவடி எடுக்கப்போவதாக அறிவித்தார். உள்ளே பாலும் பூவும்தான். ஆனால் விரதக் காவடி. யாரும் தொடக் கூடாது. தொட்டவனுக்கு என்ன போகும் என்று கேட்கவே வேண்டாம், கண்தான். சித்தருக்கு மற்ற உறுப்புகள் ஞாபகத்துக்கு வருவதில்லை.

கிருத்திகைக்கு முதல் நாள் அன்னதானத்துக்கு அண்டா இறக்க மனோரமா மடத்துக்குப் போனாள். அப்போது இரண்டு சீடர்கள் காவடியை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குக் கொண்டு போனார்கள். முட்டி மடிந்து, இடுப்பு வளைந்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. சாம்பார் நிறைந்த அண்டாவைத் தூக்குகிறவர்கள்தான் அப்படி நடப்பார்கள். பாலையும் பூவையும் தூக்கியவன் எவனும் அப்படி நடந்து அவள் பார்த்ததில்லை. அம்மன் இளைத்தது எங்கே போய்ச் சேர்ந்தது என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

தெரிந்து என்ன செய்வது? பிரித்துக் காட்டு என்றால் பக்தர்கள் அவளைத்தான் பிரித்துவிடுவார்கள். நாளை மதியத்துக்குள் காவடி மலைக்கூட்டத்தில் கரைந்துவிடும். அப்புறம் அம்மனும் வரமாட்டாள், ஹேமநாதனும் கோர்ட்டுக்கும் வீட்டுக்குமாக அலைய வேண்டியதுதான். முட்டாளாக இருந்தாலும் அவளுடைய முட்டாள். யோசித்து, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். பக்தர்களை எதிர்த்துப் பயனில்லை. அவர்களைவிட ஒரு படி அதிகமாகப் பக்தி காட்டிவிட வேண்டியதுதான்.

மறுநாள் காலை சந்து நிறைந்து வழிந்தது. பம்பை முழங்கியது. சித்தர் காவடியைத் தோளில் ஏற்றினார். ஏற்றியதும் இடப்பக்கம் சாய்ந்தார், வலப்பக்கம் சாய்ந்தார், முகம் சிவந்தது, வேர்த்து ஊற்றியது. அருள் வந்துவிட்டது என்று பெண்கள் குலவையிட்டார்கள். பந்தோபஸ்துக்கு நின்றிருந்த விஜயன் ஓரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். காவடியைக் கவனியுங்கள் என்று அவரிடம் மனோரமா காலையிலேயே ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தாள்.

அவள் ஈரப் புடவையோடு வந்து சித்தரின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள்.

"சாமி, நான் சந்தேகப்பட்ட பாவி. உங்க தோள் இந்தப் பாடு படறத பாக்க என்னால முடியலை. ஐம்பொன் சிலையையே பூவாக்கினீங்க. இந்தப் பூக்காவடிய ஒரு தரம் லேசாக்கிக் காட்டுங்க சாமி, நான் கண்ணால பாத்துட்டு மொட்டை போட்டுக்கறேன்."

கூட்டத்துக்கு ஜிவ்வென்றது. இரண்டாவது அற்புதம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? சாமி, ஒரு தரம், ஒரே ஒரு தரம் என்று நாலா பக்கமும் கெஞ்சினார்கள். சித்தர் தலையை ஆட்டினார். தலையை மட்டும்தான் ஆட்ட முடிந்தது. வேறு எதை ஆட்டினாலும் காவடி சரிந்துவிடும். அவர் தள்ளாடுவதைக் கண்டு பக்தர்களே பதறி ஓடி வந்து, கண் போகிற பயத்தையும் மறந்து, காவடியைத் தாங்கினார்கள். தாங்கியவர்கள் முகம் மாறியது. சிரமப்பட்டு எடுத்துப் போய் அந்த மாலை போட்ட எடை மேடையில் வைத்தார்கள்.

சிவப்பு எழுத்து நாற்பத்தேழு கிலோ என்றது.

இப்போது குறையும் பாருங்கள் என்றார் ஒருவர். ஆங், குறையும் என்றார்கள் எல்லோரும். அரோகரா போட்டார்கள். பாட்டுப் பாடினார்கள். நாற்பத்தேழு, நாற்பத்தேழாகவே இருந்தது. மிஷின் கெட்டுப்போச்சு என்று ஒரு குரல் கிளம்பியது. ஷரீப்புக்கு ரோஷம் வந்துவிட்டது. காவடியை இறக்கச் சொல்லி, பக்கத்தில் நின்ற ஒரு பையனை ஏற்றி நிறுத்துக் காட்டினார். பள்ளிக்கூடத்தில் எடை பார்த்தபோது எவ்வளவு இருந்தானோ, இங்கேயும் சரியாக அவ்வளவே இருந்தான்.

மனோரமா எழுந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"பாலும் பூவும் இத்தினி கனம் கனக்காது. அம்மா எத்தினி எளைச்சாளோ அத்தினியும் இதுக்குள்ள வந்து சேந்திருக்குது. அம்மா எளைக்கலை, எடம் மாறியிருக்கறா."

யாரும் காவடியைத் தொடத் துணியவில்லை. அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஹேமநாதன் வந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு கண் போகுமா போகாதா என்று யாரையும் கேட்காமல், பட்டுத்துணியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். பூ சரிந்தது. தெர்மோகோல் உடைந்தது. பழுப்பு டேப்புக்கு நடுவில் மழுங்கிய மூக்கு ஒன்று எட்டிப் பார்த்தது. அவருக்குக் கண் போகவில்லை. நிறைந்துதான் போயிற்று. அம்மா, அம்மா என்று குழந்தை மாதிரி அழுதார். மனோரமாவுக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

சித்தர் லேசுப்பட்டவர் அல்ல. பெற்ற தாய்க்கு முருகனைப் பார்க்க ஆசை வந்துவிட்டது, அம்மன் தானாகவே காவடிக்குள் ஏறிக்கொண்டாள் என்று முழங்கினார். சொன்னால் நம்பமாட்டீர்கள், பாதிக் கூட்டம் கைகூப்பிவிட்டது. விஜயன் வந்து அவர் தோளில் கை போட்டார்.

"மகனைப் பாக்கப் போற தாய் இன்னாத்துக்கு சாமி தன்னையே டேப்பு சுத்திக்கினு போகணும்?"

கூப்பிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. விசாரணையில் மிச்சமும் வெளியே வந்தது. சித்தரின் சொந்தப் பெயர் திலீப். சிலை வாங்க வெளியூர் ஆள் ஒருவன் மலைக்கு அந்தப் பக்கம் காருடன் காத்திருந்தான், அவனையும் பிடித்தார்கள். போலிச் சிலையைக் கெட்டியாக வார்த்திருந்தால் யாருக்கும் சந்தேகமே வந்திருக்காது. செலவைப் பார்த்துக் கஞ்சத்தனம் பிடித்து, உள்ளே வெற்றுக் கூடாக வார்க்கச் சொல்லியிருக்கிறான் திலீப். அந்தக் கஞ்சத்தனத்தைத்தான் ஊர் அற்புதம் என்று வரிசையில் நின்று கும்பிட்டது.

அம்மனுக்கு நாலு பக்கமும், அடிப்பீடத்திலும் படம் எடுத்தார்கள். உயரமும் எடையும் பதிந்தார்கள். கலை குறையாதா என்று ஒரு பெரியவர் இழுத்தார். ஹேமநாதனே அவரை அதட்டினார். படம் எடுக்காததால் அம்மனே குறைந்துபோக இருந்தாளே, அது பரவாயில்லையா என்று கேட்டார்.

கதை இங்கே முடிந்தால் நன்றாக இருக்கும். ஆனால் ஒரு வாரம் கழித்து வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட மனோரமா போலீஸ் நிலையத்துக்குப் போனாள். சாட்சிப் பொருளாக அலமாரிமேல் வைத்திருந்த போலிச் சிலைக்கு யாரோ குங்குமம் வைத்து, காலடியில் சில்லறை போட்டிருந்தார்கள். கனகம்மாசத்திரத்திலிருந்து வந்த ஒரு பெண் விஜயனிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள். திருடன் கொண்டுவந்தால் என்ன, அம்மன் அம்மன்தானே, ஒரே ஒரு தரம் தூக்கிப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாள். விஜயன் தலையில் கை வைத்துக்கொண்டு மனோரமாவைப் பார்த்தார்.

மனோரமா அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் நின்றாள்.

"தாராளமா தூக்கிப் பாரு கண்ணு, தூக்கறதுல தப்பில்லை. தூக்கினப்புறம் இது ஏன் இத்தினி லேசா இருக்குதுன்னு ஒரு தரம் கேளு. அத்த கேக்காமத்தான் ஊரே காசு குடுத்து, திருடன் வேலைய தலைக்கு மேல தூக்கிக் காட்டிச்சி."