நெல்லிக்குப்பத்தில் ஒரு சிவப்புப் புள்ளி

"மிஷினுக்கும் டிக்கெட் எடுக்கணும் சார்" என்றார் கண்டக்டர்.

என் மடியில் இருந்தது தையல் மிஷினின் தலை மட்டும். காலும் பலகையும் வீட்டில் நின்றன. அதைச் சொன்னேன்.

"தலைக்குத்தான் டிக்கெட்டு. காலுக்கு யாரு கேட்டா?"

எடுத்தேன். பண்ருட்டி வரும்வரை பஸ்ஸில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். எனக்குக் கூச்சமே இல்லை. பெரிய காரியமாகப் போகிறவன் இதையெல்லாம் பார்க்க முடியாது. நான் கூகுளுக்காகப் போய்க்கொண்டிருந்தேன்.

நெய்வேலி பத்தொன்பதாம் பிளாக்கில், எங்கள் குவார்ட்டர்ஸின் முன்னறையில், என் மனைவி அன்னாள் இருபத்தாறு வருடமாகப் புதுநன்மைக் கவுன் தைக்கிறாள். முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகும் பெண்பிள்ளைகளுக்கான வெள்ளைக் கவுன். அவள் தைத்ததைப் போட்டுக்கொண்டு பீடத்தை நோக்கி நடக்கும் பிள்ளைகளைப் பார்த்தால், முதுகில் இறக்கை இருக்கிறதா என்று ஒருமுறை தேடத் தோன்றும். இதை நான் அவளிடம் சொன்னதில்லை. கேன்டீனில் சொல்லியிருக்கிறேன்.

நான் சுரங்கத்தில் கன்வேயர் ஆபரேட்டர். வரும் மே மாதம் ரிட்டயர்மெண்ட். பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். எங்கே போவது என்பதில் வீட்டில் இரண்டு கட்சி. என் கட்சி, நெல்லிக்குப்பத்தில் பூட்டிக் கிடக்கும் எங்கள் அப்பா வீடு. அவள் கட்சி, இங்கேயே மந்தாரக்குப்பத்தில் முன்னால் கடையும் பின்னால் இரண்டு அறையும் உள்ள வாடகை வீடு.

"எங்கிட்ட தைக்கிறவங்க எல்லாம் இங்க இருக்காங்க. நெல்லிக்குப்பத்துல போயி கரும்புக்கா கவுன் தைக்கிறது?" என்பாள்.

இதற்கொரு பதில் தேடினேன். நைட் ஷிப்ட் முடிந்த பகல்களில் நாற்பது வீடியோ பார்த்தேன். பதில் கிடைத்தது. கடை எங்கே இருக்கிறது என்பது விஷயமே இல்லை, தேடினால் கிடைக்கிறதா என்பதுதான் விஷயம் என்று தாடி வைத்த ஒரு பையன் சொன்னான். அன்றே முடிவு செய்தேன். அன்னாளின் கடையை கூகுள் மேப்பில் ஏற்றுவேன். நெல்லிக்குப்பத்தில் ஏற்றுவேன். உலகம் அங்கே வரும். பின்னாலேயே அன்னாளும் வருவாள்.

கடை நிஜம் என்பதற்கு வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். தெரு தெரிய வேண்டும், போர்டு தெரிய வேண்டும், தொழிலின் சாமான் தெரிய வேண்டும், பூட்டை நாமே திறக்க வேண்டும். அதற்குத்தான் மிஷின் தலை. அப்பா வீட்டு வாசலில் பிளெக்ஸைக் கட்டி, ஸ்டூல் மேல் தலையை வைத்து, ஒரு கையால் திறந்து மறு கையால் எடுத்தேன். ஆறாம் நாள் அனுமதி வந்தது. நெல்லிக்குப்பத்தில் ஒரு சிவப்புப் புள்ளி முளைத்தது. அதன்மேல் என் மனைவியின் பெயர். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்னாளிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள்.

"'அன்னாள் புதுநன்மைக் கவுன், சிறந்த புதுநன்மைக் கவுன், அழகிய புதுநன்மைக் கவுன், அருகில் உள்ள புதுநன்மைக் கவுன்.' என்னங்க இது?"

"தேடுறவங்க போடுற வார்த்தைய நாம முன்னாடியே போட்டு வைக்கணும்."

"அதுக்காக இப்பிடியா? ஜெபமாலை சொல்றவங்ககூட நடுவுல மூச்சு உடுவாங்க. ஆமா, எதுக்கு அருகில?"

"தேடுறவங்களுக்கு."

"அவங்க எங்க இருக்காங்கன்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"கூகுளுக்குத் தெரியும்."

தேடிக் காட்டினேன். முதல் இடம். அவள் தன் போனில் தேடினாள். இல்லை.

"ஒரு நாளைக்கு நீங்க எத்தினி தடவ தேடுறீங்க?"

"ஒரு நாப்பது."

"உங்க போனு உங்களுக்குப் பயந்துகினு காட்டுதுங்க."

அவளாகவே பேச்சை முடிவுக்குக் கொண்டுவந்தாள். "சரி. அந்த மேப்பு காட்டுற எடத்துக்கு வெளியூர்லேர்ந்து ஒரே ஒரு ஆளு தேடிக்கினு வரட்டும். மறுபேச்சு இல்ல, அங்கயே குடி போயிடலாம்."

இருபத்தாறு வருடத்தில் அவ்வளவு சுலபமாக நான் எதையும் ஜெயித்ததில்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் இன்னொரு மரியாதை வந்தது. எங்கள் பங்குக் கோயிலில், மரியாயின் சேனை என்ற ஜெபக் குழுவின் பெண்கள் பலருக்கும் வீட்டிலேயே தொழில். செயலாளர் கிறிஸ்டினா கேக் செய்கிறாள். ஒருத்தி ஆரி வேலை, ஒருத்தி நாட்டுக்கோழி முட்டை. நான் கற்றதை அவர்களுக்கும் சொல்லித்தர வேண்டும் என்று அன்னாளே வந்து கேட்டாள். ஞாயிறு திருப்பலி முடிந்து, பங்கு மண்டபத்தில் வகுப்பு. இருபத்திரண்டு பேர். லூர்துசாமி என்கிற நான், இஸ்திரி போட்ட சட்டையில், மைக் முன்னால்.

பளிச்சென்று போட்டோ போடுங்கள், திறக்கும் நேரம் போடுங்கள், வாங்கியவர்களை நாலு வரி எழுதச் சொல்லுங்கள், எழுதினால் பதில் சொல்லுங்கள் என்றேன். கிறிஸ்டினா எழுந்தாள்.

"அண்ணே, கடை ஒரு எடத்துல இருக்கு, மேப்பு வேற எடத்துல காட்டுது. என்ன பண்றது?"

"நல்ல கேள்வி. இடம் தப்புன்னு யாரு வேணும்னாலும் எழுதிப் போடலாம். ஒருத்தர் சொன்னா கூகுள் கேக்காது. இருபது பேர் சொன்னா, கூடவே போட்டோவும் போட்டா, யோசிக்கும். கடைக்காரனவிட கஸ்டமரைத்தான் அது நம்பும்."

"கடைக்காரரு ஒத்துக்கலன்னா?"

"அவருக்கு மெயில் வரும். படிக்காம வுட்டாருன்னா அவ்ளோதான்."

கடைசி வரிசையிலிருந்து அன்னாள், "அத இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள். சொன்னேன். நான் சொன்னதை அவள் திரும்பச் சொல்லச் சொன்னது அதுவே முதல் தடவை. பெருமையாக இருந்தது. எல்லாருக்கும் ஹோம்வொர்க் கொடுத்து அனுப்பினேன்.

செய்தார்கள். ஒரு மாதத்தில் அன்னாள் கடைக்கு முப்பத்தோரு விமர்சனம். எல்லாம் ஐந்து நட்சத்திரம், ஒன்று மட்டும் நான்கு. அதில், 'தையல் அருமை. வீட்டுக்காரர் பேசிக்கினே இருக்கிறார்' என்று எழுதியிருந்தது. 'தங்கள் மேலான கருத்துக்கு நன்றி, மீண்டும் வருக' என்று பதில் போட்டேன். கூகுளிடமிருந்தும் இங்கிலீஷில் மெயில்கள் வந்தன. அப்டேட், அப்டேட் என்றே வந்தன. அப்டேட் என்றால் முன்னேற்றம்தானே. கேன்டீனில் எடுத்துக் காட்டினேன். போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. எண்ணிக்கையைத்தான் பார்த்தேன்.

வார ஓய்வு தோறும் நெல்லிக்குப்பம் போய் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை போன் அடித்தது.

"அன்னாள் புதுநன்மைக் கவுனுங்களா? மேப்புல இந்த நம்பர்தான் போட்டுருக்கு. விருத்தாசலத்துலேர்ந்து வரோம். கடை வாசல்லதான் நிக்கிறோம், யாரையும் காணோம்."

எழுந்தே விட்டேன். வாசலில் நான்தான் இருந்தேன். எதிரே ஒரு கரும்பு டிராக்டர்.

"வாசல்லதான் நிக்கிறீங்களாம்மா?"

"ஆமாங்க. போர்டு இருக்கு. பக்கத்துல டீக்கடை."

எங்கள் தெருவில் டீக்கடை கிடையாது.

"எந்த ஊர்ல நிக்கிறீங்க?"

"மந்தாரக்குப்பம். ஆங், வுடுங்க, உள்ளேர்ந்து ஒரு அம்மா வந்துட்டாங்க."

இரண்டு பஸ் மாறி நான் போய்ச் சேர்ந்தபோது, விருத்தாசலத்து அம்மா, மகளைப் பக்கத்தில் நிறுத்தி, இன்னும் லேஸ் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். கடை சின்னது, வெளிச்சமானது. கண்ணாடி அலமாரியில் ஆறு கவுன்கள். கிறிஸ்டினா ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "ஹோம்வொர்க் சரியாண்ணே?" என்றாள்.

நான் அன்னாளிடம் மட்டும் கேட்டேன். "எப்பப் புடிச்ச இந்தக் கடைய?"

"சாம்பல் புதன் அன்னிக்கு. உங்க வகுப்புக்கு முந்தியே."

"எங்கிட்ட ஒரு வார்த்தை?"

"மேப்புல போட்டுருந்துச்சேங்க. ஒரு மாசமா ஊரே பாத்துச்சு." லேஸ் சுருளை மடித்து வைத்தாள். "மேப்பு காட்டுன எடத்துக்கு வெளியூர்லேர்ந்து ஆளு வந்துட்டாங்க. பந்தயத்துல நீங்கதான் ஜெயிச்சீங்க."

விருத்தாசலத்து அம்மா என் பக்கம் திரும்பினார். "மேப்புல போட்டது நீங்கதானா? எங்கயும் வழி கேக்காம நேரா கொண்டாந்து வுட்டுச்சுங்க."

"இவருதான்" என்றாள் அன்னாள். "இவருக்குத் தெரியாதது அதுல ஒண்ணுமில்ல. இருபத்திரண்டு பேருக்குக் கத்துக் குடுத்துருக்காரு."

அவள் குரலில் கிண்டல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. பெருமைதான் இருந்தது. அதற்கு மேல் கோபப்பட எனக்கும் வழி இல்லாமல் போயிற்று.

அன்னாள் சிறுமியைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, டேப்பைத் தோளில் வைத்தாள். கிறிஸ்டினாவின் கையில் டம்ளர் இருந்தது. எனக்கு உட்கார ஸ்டூல் இல்லை.

"தோளு பதினொண்ணு" என்றாள் அன்னாள், யாரையும் பார்க்காமல்.

மேஜையிலிருந்த பென்சிலை எடுத்து எழுதினேன்.