இரண்டு முழச் சட்டம்

"ரெண்டு விரல் குறையுது ஐயா" என்று அளவுகோலைத் தூக்கிக் காட்டினான் பியூன் அய்யாவு.

"அப்போ விடு. உயிர் இருக்கும்போதே தண்ணியில விடு" என்றார் சதாசிவம், கற்பூரம் முடிந்த கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே.

மலாயாவின் பத்து பகாட் முகத்துவாரத்தில் மீன்பிடி இலாகாவுக்கு அவர்தான் கிராணி, அதாவது குமாஸ்தா. பரம்பரைச் சைவம். மீனை எட்ட நின்று அளக்கச் சொல்லுவார், எண்ணச் சொல்லுவார், அறிக்கையும் ஆங்கிலத்தில் அழகாக எழுதுவார். தொடச் சொன்னால் மட்டும் காய்ச்சல் வந்துவிடும். துரை தூரத்தில் ஜொகூர் பாருவில் இருந்ததால், கரையில் சதாசிவம் வைத்ததுதான் சட்டம்.

முதன்முதலில், கொடுவா மீன் குறைந்துகொண்டே வருகிறது என்று வலைக்காரர்களின் தலைவர் பாக் சாலே வந்து முறையிட்டபோது சதாசிவத்துக்கு உண்மையாகவே மனசு கேட்கவில்லை. கம்பத்தில், அந்த மலாய்க் குடியிருப்பில், நாற்பது குடும்பம். அந்த மீனை நம்பித்தான் நாற்பது வீட்டிலும் அடுப்பு எரிந்தது. ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். கடல் கைவிட்டால் அவர்கள் எங்கே போவார்கள்?

"சின்னதையெல்லாம் பிடிச்சுத் தின்னா பெருசு எங்கேருந்து வரும்?" என்றார் சதாசிவம். ஒரு முழத்துக்குக் குறைந்த கொடுவாவைப் பிடிக்கக் கூடாது என்று அன்றே சட்டம் வந்தது.

மறுநாளே தகராறும் வந்தது. அய்யாவு கட்டைக் கை. பாக் சாலேக்கோ முழங்காலைத் தொடுகிற கை. யாருடைய முழம் என்று இருவரும் படகுத்துறையில் கையை நீட்டிக்கொண்டு அரை நாள் நின்றார்கள். கடைசியில் சதாசிவம் தன் கையை அளந்து ஒரு கோல் செய்து கொடுத்தார்.

பாக் சாலே சிரித்துவிட்டு மலாயில் சொன்னார்: "கிராணி படிச்சவர். சொன்னா கேட்டுக்கறோம்."

அவர்கள் கேட்டுக்கொண்டதுதான் வினை. ஏமாற்றியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த வருஷம் அய்யாவு தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "ஐயா, குஞ்சு கண்ணுலயே படலைங்க."

"ஒரு முழம் பத்தல லா. இன்னும் வளர விடணும். ரெண்டு முழமாக்கிடு."

"அலமாக்!" என்று பாக் சாலே தலையில் கை வைத்தார். "வலையில பத்து விழுந்தா ஒன்பதைத் திருப்பி விடணுமே கிராணி?"

"ரெண்டே வருஷம் பொறுத்துக்குங்க பாக் சாலே. அப்புறம் உங்க பேரப்பிள்ளைங்க என்னை நினைச்சுக்குவாங்க."

பாக் சாலே பொறுத்துக்கொண்டார். பழைய வலைகளைப் பிரித்து, பெரிய கண் வைத்துக் கம்பமே உட்கார்ந்து பின்னியது. இரண்டு முழத்துக்கு மேற்பட்ட மீன் மட்டும் கரைக்கு வந்தது. அதுவும் கொஞ்ச நாள்தான்.

மூன்றாம் வருஷம் அய்யாவு ஒரு செய்தி கொண்டுவந்தான். "சந்தையில மீன் அறுக்குதே அங்கம்மா, அது சொல்லுச்சுங்க. பெரிய கொடுவா வயித்துக்குள்ள சின்னக் கொடுவா கெடந்துச்சாம்."

"பெத்ததையே தின்னுதா?"

"அப்படித்தான் போலிருக்கு."

சதாசிவம் கொதித்துப் போனார். நாற்பது குடும்பம் வயிற்றைக் கட்டிக்கொண்டு காப்பாற்றிய குஞ்சுகளைக் கிழட்டு மீன்கள் விழுங்குவதா? மாதா மாதம் ஆக நீளமான கொடுவாவைப் பிடித்து வருகிறவருக்கு ஒரு புதுக் கைலி என்று அறிவித்தார். கைலியைச் சொந்தச் செலவில்தான் வாங்கினார், பாவம்.

கம்பமே பெரிய மீனைத் துரத்தியது. ஒரு நாள் அய்யாவுவின் மனைவி உயரத்துக்கு ஒன்று அகப்பட்டது. மாட்டு வண்டியில் ஏற்றி ஊர்வலம் போனார்கள். படம் பிடித்துத் துரைக்கு அனுப்ப, துரை பாராட்டி இரண்டு வரி எழுதினார். சதாசிவம் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மேசைக்கு மேலே மாட்டினார்.

நான்காம் வருஷம் வலையில் தண்ணீர்தான் வந்தது.

பாக் சாலே சட்டி பானையைப் படகில் ஏற்றிவிட்டு விடைபெற வந்தார். சிங்கப்பூர் துறைமுகத்தில் கரி சுமக்கப் போகிறார்களாம். பதினெட்டுக் குடும்பம் முதலில், மீதி அப்புறம்.

"நான்..." என்று ஆரம்பித்த சதாசிவம் துறைவரை அவர் கூடவே நடந்தார்.

"உங்க மேல வருத்தம் இல்ல கிராணி. எங்களுக்கு நல்லது செய்யத்தானே பாத்தீங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். படகு வளைவில் மறையும்வரை துறையிலேயே நின்றார். மூட்டை தூக்கப் போகிற அந்த மனுஷனுக்கு அறுபது வயது.

எப்படிப் போனாரோ, மீன் சந்தைக்குள் போய்விட்டார். மூக்கில் கைக்குட்டை இல்லை. அங்கம்மா காய்ந்த அரிவாள்மணையை முன்னால் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். கிராணி தன் இடம் தேடி வந்ததைக் கண்டு பதறி எழுந்தாள்.

"ஐயா, இங்கெல்லாம் வரலாமா? நாத்தம்..."

"உக்காரு அங்கம்மா. ஒரு கொடுவாகூட வரலையா?"

"எங்கேங்க? மூணு மாசமா மணை காஞ்சு கெடக்கு."

அவர் கவிழ்த்து வைத்திருந்த கூடை மேலேயே உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியது.

"எங்கே தப்பு பண்ணினேன்னே தெரியலையே. சின்னதை ஒண்ணுகூடத் தொட விடலை. வயசான பெருசை மட்டும்தானே பிடிக்கச் சொன்னேன்?"

அங்கம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். பெரிய மனுஷரிடம் சொல்லலாமா கூடாதா என்று தயங்கினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"அறுத்துப் பாக்கறவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே ஐயா! கொடுவாயில சின்னது அத்தனையும் ஆம்பளைங்க, வளந்து பெருசானப்புறம்தான் அதுவே பொம்பளையா மாறிச் சினை பிடிக்கும். நாலு வருசமா நீங்க காப்பாத்தி விட்டது பூரா மாப்பிள்ளைங்க, பிடிக்கச் சொன்னது பூரா பொண்ணுங்க."