பவுன்ஸ் அண்ணன் உட்கார்ந்த நாள்

புதுக்கோட்டை மாவட்டத்தில் உட்காராமலேயே நாற்பது வயதைத் தாண்டிய ஒரே ஆள் எங்கள் பவுன்ஸ் அண்ணன்தான். சத்தியமாகச் சொல்கிறேன். இவர் ராத்திரியாவது படுப்பாரா, இல்லை சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்குவாரா என்று எங்கள் ஆபீஸில் பந்தயமே நடந்தது. சாப்பாடு நின்றுகொண்டு, டீ நடந்துகொண்டு, கம்ப்யூட்டர் வேலை குனிந்துகொண்டு. முதலாளி அவருக்காக வாங்கிப் போட்ட சுழல் நாற்காலி, பிளாஸ்டிக் உறைகூடக் கிழியாமல் மூலையில் கிடந்தது.

கீழ ராஜ வீதியில் ஒரு செல்போன் கடைக்கு மேலே இருந்த மாடியறைதான் ஆபீஸ். 'டிஜிட்டல் மார்க்கெட்டிங்' என்று போர்டு தொங்கும். யாராவது போனில் ஒரு பொருளைத் தேடினால் எங்கள் வாடிக்கையாளர் கடை முதல் பக்கத்தில் வர வேண்டும். அதற்காக நாங்கள் செய்கிற அத்தனை தகிடுதத்தங்களுக்கும் சேர்த்து எஸ்.இ.ஓ. என்று பெயர். பவுன்ஸ் அண்ணன் அதில் புலி. நான் அங்கே கட்டுரை எழுதுகிறவள். டைல்ஸ், பல் வைத்தியம், மாட்டுத் தீவனம் எதைப் பற்றியும் எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. எல்லாவற்றைப் பற்றியும் எழுதினேன்.

அவருக்கு அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். டைல்ஸ் கடைக்காரர் ஒருவர், "வெப்சைட்டுக்கு ஆள் வருதுங்கிறீங்க, வியாபாரத்தக் காணமே" என்று சண்டைக்கு வந்தார். அண்ணன் நின்றபடியே விளக்கினார். "வாராங்கண்ணே. உள்ள வந்து ஒரு பார்வ பாத்துட்டு, வந்த வழியே திரும்பிடுறாங்க. அதுக்குப் பேருதான் பவுன்ஸு." சொல்லி முடித்ததும் விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டார். கடைக்காரர் வாசலையே பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "இந்தா, இப்ப இவரு போறாரே, இந்த மாதிரியாம்மா?" அன்றிலிருந்து அவருடைய சொந்தப் பெயரை எல்லோரும் மறந்துவிட்டோம்.

அவர் கல்யாணமாகாமல் இருந்ததற்கும் இந்தக் கால்தான் காரணம். பெண் பார்க்கப் போன இடத்தில் கேசரி வருவதற்குள், சிக்னல் கிடைக்கவில்லை என்று தெருமுனைக்குப் போய்விடுவார். ஒரு வீட்டில், போனவர் அப்படியே பஸ் ஏறி ஆபீஸுக்கு வந்துவிட்டார். பெண் வீட்டார் மாப்பிள்ளையைத் தேடித் தெருத்தெருவாக அலைந்தார்களாம். எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. "ஏண்ணே, காலுல சுடுதண்ணியா ஊத்திக்கிட்டீங்க? அஞ்சு நிமிஷம் உக்காந்தா என்ன கொறஞ்சா போயிருவீங்க?" என்று கத்துவேன். "ரேங்க் மாறிக்கிட்டே இருக்கு தங்கச்சி, எப்புடி உக்கார்றது?" என்பார். அதற்குள் ஜன்னல் பக்கம் போயிருப்பார்.

இப்படிப்பட்டவரிடம்தான் ரபியா அக்கா வந்து சேர்ந்தார். ஆலங்குடிக் கடைவீதியில் முந்திரிக் கடை வைத்திருப்பவர். மூச்சு வாங்க மாடியேறி வந்தவர், நாற்காலி போடுவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார்.

"எங்க மச்சான் துபாய்லேருந்து லீவுல வந்திருக்காரு தம்பி. ரெண்டு மாசந்தான். அதுக்குள்ள கட நல்லா ஓட ஆரம்பிச்சிருச்சுன்னா, திரும்பிப் போகாம இங்கிட்டே இருந்துருவேங்கிறாரு. இல்லாட்டி டிக்கெட்டு தயாரா இருக்கு, கெளம்பிருவாரு. கல்யாணமானதுலேருந்து அவரு மொகத்த நேர்ல பாத்தத விட போன்ல பாத்ததுதான் ஜாஸ்தி. மொதப் பக்கம், கடைசிப் பக்கமெல்லாம் எனக்குத் தெரியாது. என் மனுசன் வீட்ல இருக்கணும். அவ்வளவுதான்."

மச்சான் என்று அவர் சொன்னது புருஷன் ஜமால் பாயை. பவுன்ஸ் அண்ணன் அறையை மூன்று சுற்று சுற்றினார். "இருப்பாருக்கா" என்றார். அடுத்த நொடி படியில் செருப்புச் சத்தம். ஆலங்குடி பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தார்.

கடைக்குப் போய் அவர் எடுத்த பாடம் இருக்கிறதே, அடடா! உலகத்தில் எந்தக் காலேஜிலும் அப்படி நடத்த மாட்டார்கள். எல்லாமே கல்யாணப் பேச்சுத்தான். மூட்டைகளுக்கு நடுவே அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துகொண்டே சொன்னார்.

"பாய், மாப்பிள்ளையப் பத்தி பொண்ணு வீட்ல விசாரிக்க வாராங்க. டீக்கடையில, சலூன்ல, ரேஷன் கடையில நாலு பேரு 'தங்கமான பய'ன்னு சொல்லணும்ல? அதுதான் பேக்லிங்க்கு. நாலு வெப்சைட்டு நம்மளக் கை காட்டணும். நாமளே நம்மள நல்லவன்னு சொல்லிக்கிட்டா எவன் நம்புவான்? புரோக்கர் வச்சுத் தேடுனா அது விளம்பரம். கமிஷன நிறுத்துனா அவரு வாயும் நின்னுபோகும். நல்ல பேரு எடுத்து, அவங்களே தேடி வந்தா அது ஆர்கானிக்கு. மாப்பிள்ள வீடு பாக்க வந்தா டிராஃபிக்கு. தட்டு மாத்திட்டுப் போனாத்தான் கன்வெர்ஷனு."

ரபியா அக்கா முந்திரியைத் தரம் பிரித்தபடியே நிமிராமல் கேட்டார். "அப்ப ஒங்களுக்கு டிராஃபிக்கு இருக்கு, கன்வெர்ஷன்தான் இல்லையா தம்பி?"

ஜமால் பாய் சிரித்த சிரிப்பில் தராசுத் தட்டு கீழே விழுந்தது. அண்ணனும் சிரித்தார். ஆனால் வாசலுக்குப் போய்ச் சிரித்தார்.

அப்புறம் வேலை தொடங்கியது. 'ஆலங்குடி முந்திரி' என்பதுதான் கீவேர்டு, அதாவது ஜனங்கள் தேடும்போது அடிக்கிற சொல் என்று அண்ணன் முடிவு செய்தார். அதைக் கட்டுரையில் அங்கங்கே தூவச் சொன்னார். நான்தான் எதையும் அளவாகச் செய்யாதவளாயிற்றே, மூட்டையோடு கவிழ்த்தேன். 'ஆலங்குடி முந்திரி வாங்க விரும்புவோர் ஆலங்குடிக்கு வந்து ஆலங்குடி முந்திரிக் கடையில் ஆலங்குடி முந்திரி வாங்கலாம்.' ஜமால் பாய் இதை வாய்விட்டுப் படித்துவிட்டு, "ஏம்மா, நாங்க ஆலங்குடியிலதான் இருக்கோம். அதுல யாருக்கும் சந்தேகம் வரலையேம்மா" என்றார். எனக்கு மானமே போயிற்று.

மூன்றாவது வாரம் ரபியா அக்கா போனில் அலறினார். "தம்பி! மொதல்ல வருதுப்பா! எங்க கடதான் மொதல்ல!"

போய்ப் பார்த்தோம். உண்மைதான். அவர் போனிலும் பாய் போனிலும் கடைதான் முதலில் வந்தது. எதிர்க்கடைக்காரர், பக்கத்துப் பாத்திரக்கடைக்காரர் போன்களிலும் அதேதான். ரபியா அக்கா எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தார். அண்ணன் தலைகால் புரியாமல் கடைக்கும் ரோட்டுக்குமாக நடந்தார். ஆனால் ஒரு வாரமாகியும் ஓர் ஆர்டர் வரவில்லை. ஒரு போன்கூட வரவில்லை. ஜமால் பாய் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டி வைத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் காலியாகக் கிடந்தும் அண்ணன் படிக்கட்டில் தொங்கினார். "யோவ், சீட்டு கெடக்குல்ல, வந்து உக்காருய்யா!" என்று கண்டக்டர் கத்தினார். அண்ணன் போனிலேயே கண்ணாக இருந்தார். ஆலங்குடியைத் தாண்டியதும் கடை நாலாவது இடத்துக்குப் போனது. இன்னும் கொஞ்ச தூரத்தில் இரண்டாம் பக்கம். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் தேடினால் ஆளையே காணோம்.

"நாசமாப் போச்சு தங்கச்சி!" என்றார். "கடைக்குள்ள ஒக்காந்துக்கிட்டு நம்ம கடையவே தேடிருக்கோம். பக்கத்துல இருக்கவனுக்குப் பக்கத்துக் கடையத்தான் மொதல்ல காட்டும். அதுவும் தெனம் பத்து தடவ அதையே அமுக்கிப் பாத்தா, இவனுக்கு இதுதான் புடிக்கும்போலன்னு அதையே காட்டும். நம்ம வீட்டுக் கண்ணாடியில மூஞ்சியப் பாத்துட்டு ஊரே அழகுங்குதுன்னு நெனச்சுட்டோமே!"

மறுநாள் முதல் அவர் ஆபீஸுக்கு வரவில்லை. மாவட்டத்தில் எத்தனை ஊர் உண்டோ அத்தனை ஊருக்கும் பஸ் ஏறினார். ஒவ்வோர் ஊரிலும் இறங்கி, முன்பின் தெரியாதவர்களின் போனில் தேடிப் பார்ப்பது என்று கிளம்பிவிட்டார். ஆவுடையார்கோவிலில் சாமி கும்பிட்டு வெளியே வந்த ஒரு குடும்பத்தை மடக்கி, "கொஞ்சம் ஒங்க போனத் தாங்கக்கா, முந்திரின்னு அடிச்சுப் பாத்துட்டுத் தாரேன்" என்று கேட்டிருக்கிறார். போன் திருடன் என்று பிடித்து வைத்துக்கொண்டார்கள். பிடித்து வைத்தவர்களிடமும் பேக்லிங்க் பற்றி விளக்கினாராம். தாங்க முடியாமல் அவர்களே விட்டுவிட்டார்கள்.

செய்தி கேட்ட முதலாளி, "ஏம்மா, இவரு ஒரு நாளைக்கு எங்கயாவது அடிவாங்கிச் சாகப்போறாரு. பொம்பளப்புள்ள கூடப் போனாக் கொஞ்சம் நம்புவாங்க, நீயும் போ" என்று என்னைத் துணைக்கு அனுப்பினார். வந்ததே எனக்கு வினை! சித்தன்னவாசலில் பாறைமேல் ஏறி, ஓவியம் பார்க்க வந்த வெளியூர்க்காரர்களிடம் முந்திரி பற்றிக் கேட்டோம். ஒருவர் போனில் கேக் செய்முறை வந்தது. இன்னொருவருக்கு முந்திரி தின்றால் கொழுப்பு ஏறுமா என்று ஒரு டாக்டர் வந்தார். 'ஆலங்குடி முந்திரி' என்று ஒரு ஜீவன்கூட அடிக்கவில்லை. உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. "ஆள விடுங்க சாமி, நான் வேலையவே விட்டுடுறேன்" என்று நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். "பாய் பெட்டியக் கீழ எறக்கிட்டாரு தங்கச்சி" என்றார் அண்ணன். எழுந்து நடந்தேன். வேறென்ன செய்வது?

கோட்டைப்பட்டினம் பஸ் ஸ்டாப்பில் ஓர் அம்மா நின்றிருந்தார். முக்காட்டுக்குள் போனை வாயருகே வைத்து அதட்டிக்கொண்டிருந்தார். யாரிடமோ பேசுகிறார் என்று நினைத்தால், இல்லை, தேடுகிறார். போனிடம் வாயால் சொல்லித் தேடுகிறார்.

"மவன் சவூதி போறான்… ப்ளேன்ல கொண்டு போற மாதிரி முந்திரிப்பருப்பு பாக்கெட்டு எங்க கெடைக்கும்?" கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "நேத்துலேருந்து கேக்குறேன் புள்ள. பிளேனு படம்தான் வருது. போன தடவ நானே பொட்டலம் கட்டிக் குடுத்தனுப்புனேன். அங்க போயிப் பிரிச்சா நமுத்துப் போயிக் கெடந்துச்சாம். கூட இருக்குற புள்ளைங்களுக்குக் குடுக்க முடியலன்னு ஒரே வருத்தம் அவனுக்கு."

வளைகுடா போகிறவன் வெறுங்கையோடு போவதில்லை என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஊறுகாய், பொடி, முந்திரி என்று பெட்டியில் பாதி அறைத் தோழர்களுக்குத்தான்.

நான் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். நின்றுகொண்டிருந்தார். நடக்காமல், காலை ஆட்டாமல், அசையாமல். எங்கள் பஸ் வந்தது. போனது. அப்போதும் நின்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"லாங் டெயிலு, தங்கச்சி! நீள வாலுத் தேடல்! 'பொண்ணு வேணும்'னு தேடுனா திருவிழாக் கூட்டம். 'ஆலங்குடிப் பக்கத்துல, டீச்சர் வேல பாக்குற, அதிகம் கத்தாத பொண்ணு'ன்னு நீட்டித் தேடுனா ஒண்ணோ ரெண்டோதான் வரும். ஆனா அது நமக்குன்னே வர்றது! நாம விக்கிற பேரத் தேடிட்டோம். அவங்க கேக்குற கேள்வியத் தேடவே இல்ல!"

கடைக்கு ஓடினோம். விஷயத்தைக் கேட்ட ஜமால் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "அட ஆண்டவனே! இத என்கிட்டக் கேக்கக்கூடாதா? துபாய்ல நான் பாக்குற வேலையே பேக்கிங் செக்‌ஷன்தான்! எத்தன மாசமானாலும் நமுக்காம கட்டுவேன். எடையப் பெட்டிக்கேத்த மாதிரி பிரிச்சுத் தாரேன். எழுதும்மா நீ!"

இந்தத் தடவை நான் ஆலங்குடியை ஒரே ஒரு முறைதான் எழுதினேன். கோட்டைப்பட்டினத்து அம்மா கேட்ட கேள்வியையே தலைப்பாக வைத்தேன். அவருக்கான பதிலை எழுதினேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேறு எவனும் இல்லாததால் சில நாட்களிலேயே முதல் இடம். எங்கள் போனில் இல்லை, எங்கெங்கோ இருப்பவர்கள் போனில். அறந்தாங்கியிலிருந்து ஒரு போன் வந்தது. மீமிசலிலிருந்து ஒன்று. அப்புறம் ரபியா அக்காவுக்குச் சாப்பிட நேரமில்லை. ஆனால் பாயின் பெட்டி மட்டும் கடையின் மூலையிலேயே இருந்தது. இது நிலைக்குமா என்ற பயம் அவருக்கு. லீவு முடியும் நாளும் வந்துவிட்டது. திருச்சியில் ராத்திரி விமானம்.

அன்று காலை நாங்கள் கடையில் இருந்தோம். அண்ணன் நடந்து நடந்து தரை தேய்ந்தது. அதே விமானத்தில் போகிற ஓர் இளைஞர் தன் பார்சலை வாங்க வந்தார். பாய் கட்டிக் கொடுத்தார். அந்த இளைஞர் மூலையில் இருந்த பெட்டியைப் பார்த்துவிட்டு, "நீங்களும் இன்னைக்குத்தானே பாய்? ஒண்ணாப் போயிரலாமா?" என்றார்.

முந்திரி பிரித்துக்கொண்டிருந்த ரபியா அக்காவின் கை அப்படியே நின்றது. பாய் அக்காவைப் பார்த்தார். வாசலில் காத்திருந்த இன்னும் நான்கு பேரைப் பார்த்தார்.

"இல்ல தம்பி, நீங்க போயிட்டு வாங்க. போறவங்களுக்குக் கட்டிக் குடுக்க இங்கிட்டு ஒரு ஆள் வேணும்ல?"

"இத மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்னவாம்? உசுரு போயி உசுரு வந்துச்சு!" என்று ரபியா அக்கா திட்டினார். திட்டிக்கொண்டே அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. மறைத்துக்கொள்ளத் திரும்பினால், பவுன்ஸ் அண்ணன் முந்திரி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். நன்றாகச் சாய்ந்து, காலை நீட்டி.

"என்னண்ணே, உக்காந்துட்டீங்க?"

"கால் வலிக்குது தங்கச்சி" என்றார்.

சாயங்காலம் வரை அவர் எழுந்திருக்கவில்லை. வந்தவர்களெல்லாம் அவரைச் சுற்றிக்கொண்டுதான் போனார்கள்.

இப்போது அவர் கோயம்புத்தூரில் பெரிய கம்பெனியில் இருக்கிறார். ஊருக்கு வந்தால் என் வீட்டு வாசல்வரை வருவார். "நல்லாருக்கியா? வாரேன்" என்று அந்த ஒரு மூச்சிலேயே திரும்பிவிடுவார். ஆபீஸை மூடியபோது, அவர் உட்காராமலே விட்ட அந்தச் சுழல் நாற்காலியை நான் கேட்டு வாங்கிவந்தேன். கூடத்தில்தான் கிடக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் அதில் உட்கார விடுவதில்லை.