வாயைத் திறந்தவர்

நாற்காலியில் மல்லாந்திருந்தவர் மறுபடியும் கையைத் தூக்கினார்.

பல் டாக்டர் பேச்சை நிறுத்தவில்லை.

"புரியுது. நீங்க ஆளுங்கட்சி. நான் சொல்றது கசக்கத்தான் செய்யும். ஆனா எழுதி வச்சுக்குங்க, இந்தத் தேர்தல்ல அவங்க தேற மாட்டாங்க."

"ஆ… ஆ…" என்றார் அவர். வாய் நிறையப் பஞ்சு. கூடவே எச்சில் உறிஞ்சும் குழாய்.

டாக்டரின் கருத்தை எதிர்த்து அந்த அறையில் இதுவரை யாரும் பேசியதில்லை. நோயாளிகள் தன் பேச்சில் மயங்கிக் கிடக்கிறார்கள் என்றே அவர் நம்பியிருந்தார். ஆளைப் பார்த்ததுமே மனசைப் படித்துவிடுவதாகவும் ஒரு நினைப்பு. இன்று இந்த ஆள் உள்ளே வந்து இரண்டு வார்த்தை பேசுவதற்குள், "பயப்படாதீங்க" என்று பிடித்துச் சாய்த்துவிட்டார். கடைவாய்ப் பல் ஒன்றைத் தட்டினார். ஆள் துள்ளினார். அந்தப் பல்தான் என்று முடிவாயிற்று.

கை இன்னொரு தடவை எழுந்தது.

"வலிக்குது போல டாக்டர்," என்றாள் நர்ஸ்.

"வலியெல்லாம் இல்ல. பீஸ் எவ்வளவு ஆகும்னு கணக்குப் போடுறார். மனுஷன் எது செஞ்சாலும் பின்னாடி பணம்தான் நிக்கும்."

இருந்தாலும் இன்னொரு ஊசி போட்டார். நாக்கும் சேர்ந்து மரத்துப்போனது.

"சேமிப்பை எதுல போட்டு வச்சிருக்கீங்க?"

"ழ்ழ… ழ்ழ…"

"நிலமா? தப்பு பண்ணிட்டீங்களே. தங்கத்துக்கு மாத்துங்க."

அவர் திமிறி எழப் பார்த்தார். டாக்டர் தோளை அழுத்திப் பிடித்தார்.

"இன்னைக்கே மாத்தணும்னு இல்ல. நிதானமா செய்யலாம்."

பல் லேசில் அசையவில்லை. டாக்டருக்குச் சட்டை நனைந்துவிட்டது. ஒருவழியாகக் கையோடு வந்த பல்லை நர்ஸ் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

"சொத்தையே காணோமே டாக்டர்."

"வெளியில பளபளன்னுதான் இருக்கும். உள்ள அழுகியிருக்கும். அரசியல்வாதிங்க மாதிரி."

சொல்லிவிட்டாலும், பல்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதைப் பற்றிச் சொல்ல அவரிடம் ஒரு கருத்தும் இல்லை.

கதவு திறந்தது. வீங்கிய கன்னத்தைக் கையில் தாங்கியபடி ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, எனக்குப் பல் வலின்னு டாக்டர்கிட்ட இன்னுமா சொல்லி முடிக்கல?"