இரண்டே அங்குலம்

"என் காரை யாராவது பார்த்தீங்களா?" என்று ஜெரார்டு மல்வேனி கேட்டபோது, தெருவில் யாருடைய காரும் கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் வெள்ளை மேடுகள்தான் வரிசையாக நின்றன. இட்லித் தட்டைக் கவிழ்த்தது போல் எல்லாம் ஒரே அளவு, ஒரே வடிவம். எதற்குள் யாருடைய கார் என்று கர்த்தருக்கே வெளிச்சம்.

கேட்டவர் வேறு யாராவதாக இருந்தால் பரவாயில்லை. ஜெரி என்றால் பாஸ்டனில் தெரியாதவர் கிடையாது. தினமும் மாலை ஆறு மணிக்கு டிவியில் வானிலை சொல்கிறவர். மூன்று நாள் முன்னால் அதே டிவியில், அதே முப்பத்திரண்டு பல்லையும் காட்டி, "ரெண்டே அங்குலம்தான். மண்வெட்டியை வெளிய எடுக்கவே வேண்டாம்" என்று சொன்ன புண்ணியவானும் அவர்தான்.

விழுந்தது முப்பத்தோரு அங்குலம்.

அவரையும் முழுசாகக் குறை சொல்ல முடியாது. டிவி ஸ்டேஷனில் இரண்டு கணினிக் கணிப்புகள் வரும். ஒன்று, "ஊர் மூழ்கப் போகிறது" என்று அலறும். இன்னொன்று, "புயல் கடல் பக்கம் போய்விடும், போய்த் தூங்கு" என்று தட்டிக்கொடுக்கும். போன மாதம் ஜெரி அலறுகிற கணிப்பை நம்பி, இரண்டடி பனி என்று அடித்துவிட்டார். பள்ளிக்கூடங்களை மூடினார்கள். கடைகளில் பாலும் ரொட்டியும் துடைத்துவைத்தாற்போல் காலி. மறுநாள் பளீரென்று வெயில். ஊரே ஒரு வாரம் மூன்று வேளையும் ரொட்டியைப் பாலில் தோய்த்துத் தின்றது, ஜெரியைத் தொட்டுக்கொண்டு. அந்தப் பயத்தில்தான் இந்த முறை தட்டிக்கொடுக்கிற கணிப்பின் பக்கம் சாய்ந்தார்.

புயல் இரண்டு நாள் ஆடிவிட்டுப் போனது. ஜெரி வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டார். அந்த இரண்டு நாளும் அவர் இடத்தில் கெல்சி வான் என்ற சின்னப் பெண் நின்று வானிலை சொன்னாள். ஸ்டேஷனுக்கு எதிர் வீட்டிலேயே குடியிருக்கிறாள், பாவி. சொன்னதெல்லாம் அப்படியே பலித்தும் தொலைத்தது.

மூன்றாம் நாள் காலை, ஸ்டேஷன் மேலாளர் மார்ட்டியிடமிருந்து போன்.

"ஜெரி, இன்னைக்கு ஆறு மணிக்கு நீங்க கேமரா முன்னாடி நிக்கணும். இல்லேன்னா கெல்சியே நிரந்தரம்னு மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்க."

"அப்போ நான்?"

"ஞாயித்துக்கிழமை நாய்க்குட்டி நிகழ்ச்சி தரேன். தத்துக் கொடுப்போமே, அது. நல்ல நிகழ்ச்சி ஜெரி. நாய்க்குட்டி நீங்க சொன்னதை நம்பி ஆபீசுக்குக் கிளம்பாது."

இருபத்திரண்டு வருஷ வேலை. ரயில் இன்னும் ஓடவில்லை. வாடகை வண்டி எதுவும் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஸ்டேஷன் ஆறு மைல். ஜெரிக்கு வண்டி வேண்டும், உடனே வேண்டும். புயல் தொடங்கிய ராத்திரி, பனி கண்ணை மறைக்கத் தெருவில் இரண்டு சுற்று சுற்றி, கிடைத்த இடைவெளியில் காரைச் செருகிவிட்டு ஓடிவந்திருந்தார். எந்த இடம் என்பதுதான் நினைவில்லை.

மனைவி ஐலீனைக் கேட்கலாம் என்றால், அவள் பேசுவதே இல்லை. இரண்டே அங்குலம் என்பதை நம்பி, மெல்லிய ஆபீஸ் செருப்போடு வேலைக்குப் போய், முழங்கால் ஆழப் பனியில் மூன்று மைல் நடந்து வீடு திரும்பியவள். அன்றிலிருந்து வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின.

ஆகவே ஜெரி தொப்பியைக் கண்வரை இழுத்துக்கொண்டு, மண்வெட்டியோடு தெருவில் இறங்கினார். பயம் பனிக்கு இல்லை, அக்கம்பக்கத்துக்கு. முதலில் எதிர்ப்பட்டவளே மவுரீன் ஃபாலன். ஆஸ்பத்திரி நர்ஸ். போன மாதம் வெயில் அடித்ததற்கே நடுத்தெருவில் நிறுத்தி வைத்து வெளுத்து வாங்கியவள்.

"வா ஜெரி! குளிருது பார், கழுத்துத் துணியை ஒழுங்கா சுத்திக்கோ" என்றாள் மவுரீன்.

ஜெரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மவுரீன், அந்த ரெண்டு அங்குல விஷயம்... நான்..."

"அட விடுப்பா. மேகம் உன்னைக் கேட்டுட்டா வருது?"

ஜெரிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இத்தனை நல்ல மனசு உள்ள ஊரில்தானா இத்தனை நாள் பயந்து பயந்து குடியிருந்தோம் என்று நெகிழ்ந்துபோனார்.

"உன் வண்டிதானே? விளக்குக் கம்பத்தை ஒட்டி நிக்குது. நீ நிறுத்தினதை ஜன்னல்லேர்ந்து நான்தான் பார்த்தேனே" என்றாள் மவுரீன்.

ஜெரி தோண்டினார். மேலே பனி பஞ்சுதான். கீழே, பனி தள்ளும் லாரி ஒதுக்கிவிட்டுப் போன கட்டி, கருங்கல். ஒவ்வொரு வெட்டுக்கும் முதுகுத்தண்டு தனியாக ஒரு புகார் சொன்னது. வியர்த்து வழிந்து, கடைசியில் கதவு தெரிந்தது. சிவப்புக் கதவு. ஜெரியின் கார் சாம்பல் நிறம்.

"ஐயையோ! இது என் வண்டில்ல?" என்று மவுரீன் கன்னத்தில் கை வைத்தாள்.

"ஜன்னல்லேர்ந்து பார்த்தேன்னு சொன்னீங்களே!"

"கண்ணாடி போடாம பார்த்திருக்கேன் போல."

"நீங்க கண்ணாடியே போடுறதில்லையே மவுரீன்."

"அதான் சொல்றேன், போட்டிருக்கணும்."

சரி, தோண்டியது வீண் போகக் கூடாது என்று ஜெரிக்கு ஒரு யோசனை. எங்கள் பேட்டையில் எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு சட்டம் உண்டு. பனியில் இடத்தைத் தோண்டியவருக்கே அந்த இடம் சொந்தம். ஒரு பழைய நாற்காலியைப் போட்டுவிட்டுப் போனால் போதும், மேயரே வந்தாலும் தொடமாட்டார். மவுரீன் வண்டியை எடுத்ததும் இடத்தையாவது பிடித்துவைத்தால், சாயங்காலம் திரும்பி வரும்போது ஆகும். ஜெரி ஓடிப்போய்ச் சமையலறை நாற்காலியைத் தூக்கிவந்தார்.

மவுரீனும் ஒரு நாற்காலியோடு நின்றாள்.

"தோண்டினது நான்" என்றார் ஜெரி.

"வண்டி என்னுது" என்றாள் மவுரீன்.

வழக்கு, முனையில் மதுக்கடை வைத்திருக்கும் கெவின் டியர்னியிடம் போனது. தெருவில் நாற்காலித் தகராறு என்றால் அவர்தான் நீதிபதி. அவர் தாடியைத் தடவி, இரண்டு நாற்காலிகளையும் சுற்றிவந்து, தீர்ப்புச் சொன்னார்.

"தோண்டினவன் தன் வண்டியைத் தோண்டினாத்தான் சட்டம் செல்லும். அடுத்தவங்க வண்டியைத் தோண்டினா அது உரிமை இல்லப்பா, தர்மம்."

தர்மவான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். மவுரீன் கையசைத்தபடி டியூட்டிக்குப் போனாள்.

அடுத்து, பியானோ சொல்லித்தரும் டொலோரஸ் பெட்கஸ் வாசலில் வந்து நின்றார். "தம்பி, உன்னுது என் வீட்டு முன்னாடிதான் நிக்குது. அன்னைக்கு ராத்திரி கதவைச் சாத்தின சத்தம் கேட்டுது. சத்தம் விஷயத்துல நான் தப்பே பண்ண மாட்டேன்."

ஜெரி இப்போது கொஞ்சம் உஷார். வாயை நம்பி இனித் தோண்டுவதில்லை. கார் சாவியை எடுத்துப் பொத்தானை அமுக்கினார். மேட்டுக்குள்ளிருந்து, போர்வைக்குள் எலி கத்தினாற்போல, "கீ" என்று ஒரு சத்தம்.

"கேட்டீங்களா! கேட்டீங்களா!" என்று ஜெரி குதித்தார்.

"கேட்டுது தம்பி" என்றார் டொலோரஸ், கோட்டுப் பையிலிருந்து கையை எடுக்காமலே. "மேல் ஸ்தாயி."

இந்த முறை பாட்டுப் பாடிக்கொண்டே தோண்டினார். பாட்டு முடிவதற்குள் பச்சை நிறக் கூரை ஒன்று தலையைக் காட்டியது.

"இது உங்க வண்டி."

"ஆமா, என்னுதுதான்!"

"பின்ன என் சாவிக்கு எப்படிக் கத்துச்சு?"

"குளிர்ல தானாவே கத்தும் தம்பி. பழைய வண்டி. பாதியில விடாதே, பின்பக்கம் இன்னும் இருக்கு பாரு."

பாதியில் விட்டுப் போக ஜெரியின் மனம் இடம் கொடுக்கவில்லை. பின்பக்கத்தையும் எடுத்தார். டொலோரஸ் அம்மா சூடாக சாக்லேட் பானம் கொடுத்தார். அதைக் குடிக்கும்போது, வெளியூரில் யாராவது இந்தத் தெருவைப் பற்றித் தப்பாகப் பேசினால் சும்மா விடக் கூடாது என்று ஜெரி தீர்மானித்துக்கொண்டார்.

உச்சிப்பொழுது தாண்டியது. தோண்டிய இடங்களிலெல்லாம் நாற்காலிகள் முளைத்தன. ஜெரியின் கார் மட்டும் முளைக்கவில்லை.

இனிச் சத்தத்தையும் நம்புவதில்லை என்று முடிவு செய்து, ஒரு நீளமான துடைப்பக்கட்டையைக் கொண்டுவந்தார். தன் கார்க் கூரையில் சாமான் கட்டும் கம்பி உண்டு. மேட்டுக்குள் குத்திப் பார்த்தால் தட்டுப்படும் அல்லவா? நல்ல யோசனைதான். முதல் மேட்டில் குத்தினார். "சடார்" என்றது. கம்பி அப்படிச் சொல்லாது, கண்ணாடிதான் சொல்லும்.

கெவின் டியர்னி எங்கிருந்தோ பின்னால் வந்து நின்றார். "என் வண்டியோட பின் விளக்கு மாதிரி கேட்குதே."

"கெவின், சத்தியமா தெரியாம..."

"அடடே, விளக்குதானே ஜெரி, விடு. உடைஞ்சுதா இல்லையான்னு பார்த்துட்டா மனசு ஆறிடும். பார்க்கணும்னா..." கெவின் மண்வெட்டியை எடுத்து மரியாதையாக ஜெரியின் கையில் கொடுத்தார். "மொத்தமா எடுத்துதானே ஆகணும்."

மொத்தமாக எடுத்து முடித்து ஜெரி நிமிர்ந்த நேரம், பனி தள்ளும் லாரி ஒன்று ஊர்வலம் போல வந்து, எடுத்ததையெல்லாம் திருப்பி அதே வண்டிமேல் கொட்டிவிட்டுப் போனது. ஜெரி சிரித்தார். சிரிப்பை நிறுத்த முடியவில்லை. சிரித்துக்கொண்டே மறுபடி தோண்டினார். இடுப்பு என்று ஒன்று இருந்ததே அவருக்கு மறந்துபோயிற்று.

அந்த நேரத்தில் மாடி ஜன்னல் திறந்தது. ஐலீன் தேநீர்க் கோப்பையோடு எட்டிப் பார்த்தாள்.

"கிடைச்சுதா?"

ஜெரிக்கு உயிர் வந்தது. மூன்று நாளில் மனைவி பேசிய முதல் வார்த்தை! "இன்னும் இல்ல ஐலீன்!"

"நல்லா தேடு" என்று சொல்லி, ஜன்னலைச் சாத்தினாள்.

அவளுக்கும் மனசு இறங்கிவிட்டது என்று ஜெரி சந்தோஷப்பட்டார். ஆனால் வெளிச்சமும் இறங்கிக்கொண்டிருந்தது. தெரு நெடுக இன்னும் எத்தனையோ மேடுகள். நாய்க்குட்டிகள் வரிசையாக உட்கார்ந்து தன்னையே பார்ப்பது போல அவருக்குத் தோன்றியது. மண்வெட்டியைப் பனியில் குத்தி நிறுத்தினார்.

"நான் நடக்கப் போறேன்" என்று அறிவித்தார்.

எதிர் வாசலில் நின்ற கெவினுக்கும் டொலோரஸ் அம்மாவுக்கும் முகம் மாறியது.

"ஆறு மைல் தம்பி! விறைச்சுப் போயிடுவே!"

"இரு ஜெரி, இன்னும் ஒரே ஒரு வண்டி... இல்ல, ஒரே ஒரு நிமிஷம் இரு!" என்று கெவின் கையைப் பிடித்தார்.

"வேண்டாம் கெவின். நீங்கல்லாம் காட்டின அன்பே போதும். தப்பு சொன்னவன் நான், நானே நடந்து தீர்க்கிறேன்." ஜெரி இருவரையும் கட்டிப்பிடித்துவிட்டுக் கிளம்பினார். பின்னால் ஏதோ குசுகுசுப்பு, யாரோ கதவைத் தட்டும் சத்தம். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அழுகிற மூஞ்சியை யாரும் பார்க்க வேண்டாம் என்று வேகமாக நடந்தார், அதாவது விழுந்து எழுந்து நடந்தார்.

தெருமுனையில் தபால்காரர் ஒஸ்வால்டோ, தோளில் பையோடு எதிரே வந்தார். ஜெரியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்ன சார், நடந்தா போறீங்க?"

"வண்டி கிடைக்கல ஒஸ்வால்டோ. காலைலேர்ந்து தோண்டறேன்."

"உங்க வண்டியா? அது சர்ச்சுக்குப் பின்னாடி இஞ்சின் ஓடிக்கிட்டு, கதகதன்னு நிக்குதே! நேத்து ராத்திரி நீங்க தூங்கும்போதே தெருவே திரண்டு தோண்டி, தள்ளிக்கிட்டுப் போச்சே. அஞ்சு மணிக்கு உங்களை ஏத்தி அனுப்பிடணும்னு பேச்சு. கெல்சி வேண்டாமாம் சார், அந்தப் பொண்ணு சரியாச் சொல்லிடுதாம், திட்டுறதுக்கு ஆள் இல்லாமப் போகுதாம்."

சிவப்புக் கதவும் பச்சைக் கூரையும் மேல் ஸ்தாயியும் ஒன்றன்பின் ஒன்றாக ஜெரியின் கண்முன் வந்துபோயின.

"என் வண்டியை... எனக்கே தெரியாம... யாரோட யோசனை இது?"

ஒஸ்வால்டோ பையைத் தோள் மாற்றிக்கொண்டார்.

"யோசனை யாரோடதுன்னு தெரியல சார். மாத்துச் சாவி கொடுத்தது உங்க வீட்டம்மா."